வெளிக்கிடுதல்: ஒரு வினைச்சொல்லும் வன்னிச் சனமும்

(கிளிநொச்சியில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



வன்னியில் ஆங்கிலம் படிப்பித்த ஓர் ஆசிரியரின் நினைவாக அவருடைய பிள்ளைகள் ஏற்படுத்திய அறக்கட்டளை இது. மொழி கற்பித்தலோடு தொடர்புள்ள ஒன்றைப் பேச வேண்டும் என்பது மட்டுமே அவர்கள் கேட்டுக்கொண்டது. நானும் இந்த மாவட்டத்தில் ஆங்கிலம் படிப்பித்தவன். ஒரேயொரு வினைச்சொல்லை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். 'வெளிக்கிடு' என்பது அந்தச் சொல். ஆங்கிலத்தில் 'செற் அவுட்', 'செற் ஓஃப்', 'ஹெட் அவுட்', 'கெற் ரெடி', 'கிளியர் அவுட்' என்று பல சொற்றொடர்களுக்குள் பிரிந்து கிடக்கும் பொருளை எங்கள் ஆட்கள் இந்த ஒரு சொல்லுக்குள் வைத்திருக்கிறார்கள். அது எப்படி நடக்கிறது, அதைக் கவனிக்காமல் மொழிபெயர்த்தால் என்ன கெட்டுப்போகிறது என்பதே இன்றைய பேச்சு.

முதலில் ஆங்கிலப் பக்கம். ஒரு சிறிய வினை, அதன் பின்னால் 'அவுட்', 'ஓஃப்', 'அப்', 'இன்' போன்ற ஒரு சிறிய இடைச்சொல். இரண்டும் சேர்ந்ததும் முற்றிலும் வேறொரு பொருள். சாமுவேல் ஜோன்சன் 1755 இல் வெளியிட்ட தம் அகராதியின் முன்னுரையில் இதைப்பற்றி எழுதியிருக்கிறார். பிறமொழிக்காரருக்கு ஆங்கிலத்தில் மிகவும் கடினமாக இருப்பது இந்தச் சேர்க்கைதான் என்றும், அதனால் இவற்றை மிகுந்த கவனத்தோடு திரட்டியிருப்பதாகவும் சொல்கிறார். இன்று பாடநூல்கள் பயன்படுத்தும் 'பிறேசல் வேர்ப்' என்ற பெயர் அச்சில் பரவியது மிகவும் பிந்தி, லோகன் பியர்சால் சிமித் 1925 இல் எழுதிய நூலினால். ஆங்கிலேயர் வீட்டிலும் தெருவிலும் இவற்றைத்தான் பேசுகிறார்கள். கந்தோருக்குக் கடிதம் எழுதும்போது லத்தீன் வழிவந்த ஒற்றைச் சொற்களுக்குப் போகிறார்கள். வீட்டில் 'புற் ஓஃப்', கடிதத்தில் 'போஸ்ற்போன்'.

எங்கள் பிள்ளைகள் கடிதத்துச் சொல்லை மட்டுமே படித்து வருகிறார்கள். அதனால் க.பொ.த. சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளையும் ஒரு வெளிநாட்டுக்காரரோடு கதைக்க வந்தால் தடுமாறுகிறது. இது எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள சிக்கல் இல்லை. இஸ்ரேலில் ஹீப்ரு பேசும் மாணவர்களைப்பற்றி டகற், லோஃபர் என்ற இருவர் 1985 இல் வெளியிட்ட ஆய்வில், அந்த மாணவர்கள் இத்தகைய வினைகளைத் தவிர்த்து ஒற்றைச் சொற்களையே தெரிவுசெய்வதைக் காட்டினார்கள். ஹீப்ருவில் இப்படியொரு அமைப்பு இல்லாததே அதற்குக் காரணம் என்றும் வாதிட்டார்கள்.

அந்தக் காரணம் எங்களுக்குப் பொருந்தாது. தமிழில் இந்த அமைப்பு நிறையவே இருக்கிறது. 'கொடு' என்றால் என்ன என்று எல்லாருக்கும் தெரியும். 'விட்டுக்கொடு' என்பதில் யாரும் யாருக்கும் எதையும் கையில் கொடுப்பதில்லை. ஆங்கிலத்தில் 'கிவ் இன்'. அங்கேயும் கொடுத்தல், இங்கேயும் கொடுத்தல். கூட்டத்தை 'ஒத்திப்போடு' என்கிறோம். ஆங்கிலேயர் 'புற் ஓஃப்' என்கிறார்கள். இரண்டிலும் போடுதல்தான். 'பொறுத்துப்போ' என்பதற்கு 'புற் அப் வித்', 'கைவிடு' என்பதற்கு 'கிவ் அப்'. ஆங்கிலத்தில் அந்த இடைச்சொல் வினைக்குப் பின்னால் வரும். தமிழில் வினை கடைசியில் நிற்பதால் துணை முன்னால் வரும். தமிழில் வினைகள் ஒன்றோடொன்று சேர்ந்து பொருளை நீட்டும் முறையை இ. அண்ணாமலை தனி நூலாகவே ஆராய்ந்து எழுதியிருக்கிறார். இவ்வளவு இருந்தும் பிள்ளையிடம் "இது தமிழில் இல்லாத விசயம், பாடமாக்கு" என்றுதான் வகுப்பறையில் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இனி 'வெளிக்கிடு'.

வெளி, வெளிக்கு, இடு. பிரித்துப் பார்த்தால் 'வெளிக்குப் போடு' என்ற மாதிரி இருக்கிறது. யாரும் அந்தப் பொருளில் சொல்வதில்லை. தமிழ்நாட்டில் 'புறப்படு' அல்லது 'கிளம்பு' என்பார்கள். 'புறப்படு' என்பதிலும் வெளிதான் இருக்கிறது. புறம் என்றால் வெளி. ஆனால் அங்கே சேர்ந்த வினை 'படு', இங்கே சேர்ந்தது 'இடு'. துன்பப்படு, அடிபடு என்பவற்றில் வரும் 'படு' ஒருவருக்கு நேர்வதைச் சொல்வது. கோலமிடு, கட்டளையிடு என்பவற்றில் வரும் 'இடு' ஒருவர் செய்வதைச் சொல்வது. பேசுகிற எவரும் இதை நினைத்துப் பேசுவதில்லை. ஒரு சொல்லின் உடம்பைப் பார்த்து அதன் உயிரைத் தீர்மானிக்கவும் கூடாது. ஆயினும் வெளிக்கிடுதலில் செய்பவர் ஒருவர் எப்போதும் நிற்கிறார் என்பதை வழக்கே காட்டுகிறது.

காலமை வீட்டுக்குள் கேட்கும் பேச்சைப் பாருங்கள். "வெளிக்கிட்டாச்சே?" என்று தாய் கேட்டால், உடுத்து முடிந்ததா, தலை இழுத்தாயிற்றா என்று பொருள். "வெளிக்கிட்டுக்கொண்டிருக்கிறன்" என்றால் இன்னும் கண்ணாடிக்கு முன்னால். சின்னப் பிள்ளையை உடுப்புப் போட்டு ஆயத்தமாக்குவதை 'வெளிக்கிடுத்துறது' என்கிறோம். கலியாண வீட்டில் பொம்பிளையை வெளிக்கிடுத்துவதற்கென்றே ஆள் வைப்பார்கள். "நல்லா வெளிக்கிட்டுக்கொண்டு போறா" என்றால் வடிவாக உடுத்திப் போகிறாள் என்று அர்த்தம். பஸ் நிலையத்தில் "முல்லைத்தீவு பஸ் வெளிக்கிட்டிட்டுது" என்றால் பஸ் போய்விட்டது. அங்கே உடுத்தலும் இல்லை, தலை இழுத்தலும் இல்லை.

வேறொரு வழக்கும் உண்டு. செய வாய்பாட்டு எச்சத்தோடு சேர்ந்து, ஒன்றைச் செய்ய முனைதலை இது குறிக்கும். "கடை போட வெளிக்கிட்டவன்", "எனக்குப் படிப்பிக்க வெளிக்கிடாதை", "கதைக்க வெளிக்கிட்டாரெண்டால் நிப்பாட்டமாட்டார்". இங்கே கால் வாசலைத் தாண்டவில்லை, மனம் தாண்டியிருக்கிறது. ஆங்கிலத்தின் 'செற் அவுட்' இதே பாதையில்தான் நடந்திருக்கிறது: பயணம் தொடங்குதல் என்ற பொருளிலிருந்து ஒன்றைச் செய்ய முனைதல் என்ற பொருளுக்கு. வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த இரு மொழிகள் ஒரே வழியால் போயிருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுத்தால் 'செற் அவுட்' அவர்களுக்கு மறக்கவே மறக்காது.

வெளிக்கிடும் ஒருவரிடம் "எங்கை?" என்று கேட்பது எங்கள் வழக்கத்தில் சரியில்லை. சகுனப் பிழை என்பார்கள். "தூரவோ வெளிக்கிட்டியள்?" என்று கேட்பதுதான் முறை. போகிறவரும் "போறன்" என்று சொல்லமாட்டார். "போட்டு வாறன்" என்பார். புறப்படும் நேரத்தை இவ்வளவு கவனமாகப் பேசிப் பழகிய சனம் நாங்கள். வன்னிக்குள்ளேயே வேறு பேச்சுகளும் கலந்திருக்கின்றன. 1958, 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறியவர்களின் வீடுகளில் 'கெளம்பு' என்பதையும் கேட்கலாம்.

இந்தச் சொல்லை நான் இந்த ஊரில் நின்று பேச விரும்பியதன் காரணத்துக்கு வருகிறேன்.

கிளிநொச்சிச் சனம் 1996 யூலையில் வெளிக்கிட்டது. முல்லைத்தீவு இராணுவ முகாம் தாக்கப்பட்ட சில நாட்களில் 'சத்ஜெய' இராணுவ நடவடிக்கை தொடங்கியது. செப்ரெம்பர் முடிவதற்குள் நகரம் படையினர் வசமானது. வெளிக்கிட்டவர்கள் அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவிப் பக்கம் போனார்கள். அதற்கு முந்திய வருசம் ஒக்டோபர் 30 அன்று வலிகாமத்திலிருந்து வெளிக்கிட்டு, நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போய், பிறகு கிளாலிக் கடல்வழியாக வன்னிக்கு வந்து சேர்ந்த குடும்பங்களும் அவர்களுக்குள் இருந்தன. 1997 மே 13 அன்று 'ஜெயசிக்குறு' இராணுவ நடவடிக்கை தொடங்கியதும் ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் என்று ஏ-9 வீதியோரச் சனம் வெளிக்கிட்டது. 2008 இல் மடு, விடத்தல்தீவு, மல்லாவி, துணுக்காய். பிறகு கிளிநொச்சியே வெளிக்கிட்டது. 2009 ஜனவரி 2 அன்று படையினர் நகருக்குள் வந்தபோது சனம் பரந்தன், தருமபுரம் தாண்டி விசுவமடு, உடையார்கட்டு என்று கிழக்கே போய்க்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு சுதந்திரபுரம், தேவிபுரம், மாத்தளன், பொக்கணை, வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால். கூரைத் தகரத்தையும் யன்னல் நிலையையும் கழற்றி லாண்ட்மாஸ்ரர் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வெளிக்கிட்ட குடும்பங்கள், அடுத்தடுத்த இடங்களில் ஒவ்வொன்றாக விட்டுவிட்டு, கடைசியில் தறப்பாளும் ஓர் உரப்பையுமாக நின்றன.

இவ்வளவுக்கும் அரச படிவங்களிலும் தொண்டு நிறுவனங்களின் அறிக்கைகளிலும் ஒரேயொரு சொல் இருக்கிறது: இடம்பெயர்தல். ஆட்களுக்குப் பெயர் 'உள்ளக இடம்பெயர்ந்தோர்'. 1998 இல் ஐக்கிய நாடுகள் சபையில் முன்வைக்கப்பட்ட வழிகாட்டிக் கோட்பாடுகளில் இவர்கள் யார் என்ற வரையறை இருக்கிறது: வீட்டைவிட்டு ஓடவோ விலகவோ வற்புறுத்தப்பட்டவர்கள், ஆனால் நாட்டின் எல்லையைக் கடக்காதவர்கள். அந்தச் சொல் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. வற்புறுத்தல் என்பது அந்த வரையறைக்குள் எழுதப்பட்டிருப்பதால்தான் நிவாரணமும், காணியும், திரும்பிப்போகும் உரிமையும் அந்தக் கோட்பாடுகளைக் காட்டிக் கேட்கக்கூடியவையாகின. சனமும் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது. "இடம்பேந்து இருந்தனாங்கள்" என்று வாய்க்கேற்ப ஆக்கியும் வைத்திருக்கிறது. பதிவுக்குப் போனால் அந்தச் சொல். ஆனால் பிள்ளைகளுக்கோ அயலவருக்கோ அந்த நாட்களைச் சொல்லும்போது 'வெளிக்கிட்டம்' என்கிறார்கள். "விடியப்புறம் வெளிக்கிட்டம்." "அம்மா வெளிக்கிடமாட்டன் எண்டு நிண்டவா." "திறப்பை எடுத்துக்கொண்டுதான் வெளிக்கிட்டனாங்கள்." இந்த வாக்கியங்களில் தீர்மானித்தவர் இருக்கிறார், மறுத்தவர் இருக்கிறார், வீட்டைப் பூட்டியவர் இருக்கிறார். 'இடம்பெயர்ந்தோர் தொகை' என்ற தலைப்பின் கீழ் இவர்களில் ஒருவருக்கும் இடமில்லை.

கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2010 செப்ரெம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் அமர்ந்தது. காணாமற்போனோர் பற்றிய சனாதிபதி ஆணைக்குழு 2014 ஜனவரியில் தன் முதல் அமர்வுகளைக் கிளிநொச்சியில் நடத்தியது. அங்கெல்லாம் சனம் தமிழில் பேசியது. பதிவுகளும் அறிக்கைகளும் வேறு மொழிக்குப் போயின. அப்படியான இடங்களில் இந்த வினை எவ்வளவு பொறுப்போடு கையாளப்பட வேண்டியது என்பதைச் சில வாக்கியங்களால் காட்டுகிறேன்.

"வெளிக்கிட்டுக்கொண்டிருக்கேக்கை செல் விழுந்தது." "வெளிக்கிட்டு நிக்கேக்கை செல் விழுந்தது." "வெளிக்கிட்டாப்பிறகு செல் விழுந்தது."

மூன்றையும் "நாங்கள் புறப்பட்டபோது" என்று ஒரேமாதிரி ஆங்கிலத்தில் எழுதிவிடலாம். எழுதினால் பிழை. முதலாவது வாக்கியத்தில் குடும்பம் வீட்டுக்குள்ளோ பங்கருக்குப் பக்கத்திலோ சாமான் கட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டாவதில் எல்லாம் கட்டி முடித்து முற்றத்தில் நிற்கிறது. மூன்றாவதில் ஆட்கள் வீதியில். செல் விழுந்த இடம் ஒவ்வொன்றிலும் வேறு. சாட்சியத்தில் கேட்கப்படும் முதற் கேள்வியே எங்கே நடந்தது என்பதுதான். சொன்னவர் இடத்தைத் தெளிவாகத்தான் சொல்லியிருக்கிறார், வினையின் வாலில் வைத்துச் சொல்லியிருக்கிறார். 'கெற் ரெடி', 'ரெடி ரு கோ', 'செற் அவுட்' என்ற மூன்றையும் வேறுபடுத்தத் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் இதை நேராகக் கொண்டுபோவார். பேச்சு ஆங்கிலம் தெரியாமல் 'டிபார்ட்' என்ற ஒன்றை மட்டும் வைத்திருப்பவரால் முடியாது.

இதைவிடக் கனமான இன்னொரு வாக்கியம் இருக்கிறது. "அவர் வட்டுவாகலாலை வர வெளிக்கிட்டவர்." 2009 மே மாதத்தில் சனம் வட்டுவாகல் பாலத்தால் வந்தது உங்களுக்குத் தெரியும். இந்த வாக்கியம் அவர் வந்தார் என்று சொல்லவில்லை. வர முனைந்தார், அடி எடுத்து வைத்தார் என்கிற அளவோடு நிற்கிறது. தாய்க்கோ மனைவிக்கோ தெரிந்தது அவ்வளவுதான். அதற்கு மேலே ஒரு சொல்கூடச் சாட்சி சொன்னவர் சேர்க்கவில்லை. "அவர் வட்டுவாகல் வழியாக வந்தார்" என்று மொழிபெயர்த்தால் சொல்லாத ஒன்றைச் சொன்னதாக ஆகும். நாளைக்கு இன்னொருவர் வந்து "வந்தார் என்றால் பிறகு எங்கே?" என்று சாட்சி சொன்னவரையே குறுக்குக் கேள்வி கேட்பார். 'செற் அவுட்' என்பதற்கும் இதே நேர்மை உண்டு. சேர்ந்தாரா இல்லையா என்பதை அது திறந்தே வைத்திருக்கும். 2017 பெப்ரவரி 20 அன்று இந்த நகரின் கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடங்கிய தொடர் போராட்டத்தில் இருந்த தாய்மாரோடு கதைத்துப் பாருங்கள். எதைக் கண்டேன், எதைக் கேள்விப்பட்டேன், எதுவரை தெரியும் என்பவற்றை அவர்கள் வினை விகுதியிலேயே பிரித்துச் சொல்வார்கள்.

செய்பவர் இருக்கும் சொல் என்றால், விரும்பிப் போனார்கள் என்று யாராவது வாதிடமாட்டார்களா? வாதிடலாம். ஆங்கிலத்தின் 'செற் அவுட்' கொஞ்சம் விருப்பப் பயணத்தின் வாடையோடு இருப்பதும் உண்மை. எங்கள் வழக்கில் அந்த இடைவெளி துணைவினைகளால் அடைக்கப்பட்டிருக்கிறது. "வெளிக்கிட வேண்டி வந்தது", "வெளிக்கிடச் சொல்லிப்போட்டாங்கள்", "வெளிக்கிட விடேல்லை". இங்கே ஆங்கிலத்தில் 'கிளியர் அவுட்', 'கெற் அவுட்' என்பவைதான் கிட்டவரும். துரத்தலின் சத்தம் அவற்றில் இருக்கிறது.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி போன்ற முல்லைத்தீவு ஊர்களின் முஸ்லிம்களும் அப்படி வெளியேற்றப்பட்டவர்களுள் அடங்குவர். அந்தச் செயலுக்கு 'வெளிக்கிட்டார்கள்' என்று எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வராது, உங்களுக்கும் வரக்கூடாது. வெளிக்கிடச் சொன்னவர் யார் என்று வாக்கியத்தில் எழுவாய் இருக்கவேண்டும். அதேபோல 2009 இல் இரண்டு வினைகள் ஒரே நேரத்தில் நடந்தன. பாதுகாப்பு வலயம் என்று அரசு அறிவித்த இடங்களுக்குள்ளேயே செல் விழுந்தது. அங்கிருந்து வெளிக்கிட முனைந்தவர்களைப் புலிகள் மறித்தார்கள். ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011 இல் வெளியிட்ட அறிக்கையில் இரண்டுமே பதிவாகியிருக்கின்றன. ஒன்றைச் சொல்லி மற்றதை விழுங்கும் பேச்சை இரு பக்கமும் கேட்கிறோம். வெளிக்கிட்டவர்கள் அப்படி விழுங்குவதில்லை. "செல்லுக்கை வெளிக்கிடவும் ஏலாது, வெளிக்கிட விடவும் மாட்டாங்கள்" என்று ஒரே மூச்சில் சொல்கிறார்கள்.

போர் முடிந்தபின் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமிலும் இந்தச் சொல் வேலை செய்தது. முட்கம்பிக்கு உள்ளே இருந்தவர்கள் "எப்ப வெளிக்கிட விடுவாங்கள்" என்றே கேட்டார்கள். 2012 செப்ரெம்பரில் முகாம் மூடப்பட்டது. கேப்பாப்புலவு ஆட்களுக்கு அப்போதும் சொந்தக் காணிக்குப் போக முடியவில்லை, சீனியாமோட்டைப் பக்கம் கொண்டுபோய் விடப்பட்டார்கள். அரச கடிதத்தில் அதற்குப் பெயர் மீள்குடியேற்றம். ஊர் திரும்பாத இடத்துக்கு அந்தச் சொல்லைப் போட்டது எனக்கு இன்றைக்கும் ஏற்கமுடியாத ஒன்று.

ஆசிரியர்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். ஆங்கில வகுப்பில் கூட்டு வினைகளைப் பட்டியலாகப் பாடமாக்கக் கொடுக்காதீர்கள். பிள்ளையின் வாயில் ஏற்கெனவே இருக்கும் வினையிலிருந்து தொடங்குங்கள். "வெளிக்கிட்டாச்சே" என்பதை ஆங்கிலத்தில் எப்படிக் கேட்பாய், "பஸ் வெளிக்கிட்டிட்டுது" என்பதை எப்படிச் சொல்வாய், "கடை போட வெளிக்கிட்டவன்" என்பதை எப்படிச் சொல்வாய் என்று கேளுங்கள். ஒரு தமிழ்ச் சொல்லுக்கு மூன்று ஆங்கிலச் சொற்றொடர்கள் வருவதைப் பிள்ளையே கண்டுபிடிக்கும். 'பேச்சு வழக்கு' என்ற குறிப்பைத் தடையாக எழுதாமல், எங்கே பேசலாம் என்ற தகவலாக எழுதிக்கொடுங்கள். வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் அறிவியல்நகர் வளாகத்திலும் படிக்கும் பிள்ளைகள் நாளைக்கு மொழிபெயர்ப்பாளர்களாக ஏதோவொரு விசாரணை மண்டபத்தில் இருக்கக்கூடும்.

மற்றது, சொற்களைச் சேகரிக்கும் வேலை. 1842 இல் யாழ்ப்பாண அகராதி வந்த மண் இது. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, 2008 இல் வந்த இரண்டாம் பதிப்பில் எங்கள் பக்கத்துச் சொற்களுக்கு இலங்கை வழக்கு என்று குறியிட்டு இடம் கொடுத்தது; எம். ஏ. நுஃமான் போன்றோரின் உழைப்பு அதற்குப் பின்னால் இருந்தது. அதற்கு நன்றியோடு இருந்துகொண்டே சொல்கிறேன்: அகராதிக்குப் பொருள் போதும், சாட்சியத்துக்கு வாக்கியம் வேண்டும். கிபிர் விமானம் வந்த நேரத்திலும், ஆளில்லா விமானத்தை 'வண்டு' என்று அழைத்த நாட்களிலும், தறப்பாள் கொட்டிலிலும் பேசப்பட்ட வினைகள் இன்றைக்கு அறுபது வயதைக் கடந்தவர்களின் வாயில் முழுமையாக இருக்கின்றன. உயர்தரத் தமிழ் மாணவர் ஒவ்வொருவரும் தன் வீட்டு மூத்தவர் ஒருவரின் வாக்கியங்களை, அவருடைய அனுமதியோடு, திருத்தாமல் எழுதட்டும். "வெளிக்கிட்டனாங்கள்" என்றால் அப்படியே. பக்கத்தில் 'புறப்பட்டோம்' என்று எழுதித் திருத்தவேண்டாம். எந்த ஊர், எந்த மாதம் என்று சொன்னவர் சொன்னபடியே குறித்துவிட்டு, கீழே அதே பிள்ளை தன் ஆங்கிலத்தில் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்க்கட்டும். ஆங்கில ஆசிரியரும் தமிழ் ஆசிரியரும் ஒரே கொப்பியைத் திருத்தவேண்டி வரும். அதற்கு வேண்டிய நேர ஒதுக்கீட்டைப்பற்றி, இங்கு வந்திருக்கும் கல்வித் திணைக்கள அதிகாரிகளோடு இந்த அமர்வு முடிந்ததும் கதைக்க ஆயத்தமாக இருக்கிறேன்.